கட்டியங்காரன்: ஒரு பழஞ்சொல்லின் வரலாறும் பொருளும்

திருவிழா நாளில் இறைவன் திருவீதியுலாவிற்கு எழுந்தருளும் வேளையில், வாத்தியங்கள் சற்றே ஓய, ஒருவர் முன்னின்று இறைவனுடைய திருப்பெயரையும், தலத்தின் பெருமையையும், அவன் அடியார்க்கு அருளிய திறத்தையும் உரத்த குரலில் முறைப்படச் சொல்லிப் போற்றுவது பல திருக்கோயில்களில் உள்ள வழக்கமாகும். இதற்குக் கட்டியம் என்பது பெயர். கட்டியம் கூறுபவர் கட்டியக்காரர் அல்லது கட்டியங்காரர் எனப்படுவார்.

இக்காலத்தில் கட்டியங்காரன் என்னும் சொல் பேச்சு வழக்கில் அருகிவிட்டது. எனினும், வரவிருக்கும் ஒன்றை முன்கூட்டியே உணர்த்தும் நிகழ்ச்சியைக் குறித்து, ‘இது எதிர்காலத்திற்குக் கட்டியம் கூறுகிறது’ என்று எழுதும் வழக்கம் இன்றும் உண்டு. கட்டியம் என்பது யாது என அறியாதவரும் இத்தொடரை எழுதுகின்றனர். சொல் பழையதாயினும் அதன் உயிர் போகவில்லை என்பதற்கு இதுவே சான்று. அச்சொல்லின் வரலாற்றையும், அது திருக்கோயிலுக்கு வரும் அன்பர்க்கு உணர்த்தும் பொருளையும் இங்குக் காண்போம்.

சொல்லின் அமைப்பு

கட்டியம் என்பது அரசர், பெரியோர், தெய்வம் ஆகியோர் முன்னிலையில் அவர்தம் புகழைத் தொடர்ச்சியாக எடுத்துரைக்கும் உரை. அதனை உரைப்பவன் கட்டியக்காரன். இச்சொல் கட்டியங்காரன் எனவும் வழங்கும். இவ்விரண்டில் எது சரி என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். இரண்டும் சரியே.

மகர மெய்யை இறுதியாக உடைய சொல்லின் முன் வல்லினம் வரும்போது, அம்மகரம் கெட்டு வல்லினம் மிகுதலும் உண்டு. மகரம் வரும் வல்லினத்திற்கு இனமான மெல்லினமாகத் திரிதலும் உண்டு என்பது நன்னூலார் பவணந்தி முனிவர் வகுத்த விதி. குளம் என்பதனோடு கரை சேரும்போது குளக்கரை எனவும் குளங்கரை எனவும் வருதல் போலவே, கட்டியம் என்பதனோடு காரன் சேர்ந்து கட்டியக்காரன் எனவும் கட்டியங்காரன் எனவும் வரும்.

பிறர் கூறுவது ஏன்?

ஒருவருடைய பெருமையை அவரே கூறிக்கொள்ளலாகாதா, இடையில் மற்றொருவர் எதற்கு என்று கேட்கலாம். இதற்கு விடையும் நன்னூற் பாயிரத்திலேயே உள்ளது. நூலுக்கு முகம் போல் முன்னிற்பது பாயிரம். முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை என அதற்கு ஏழு பெயர்களைத் தருகிறார் நன்னூலார். நூல் எத்துணைச் சிறந்ததாயினும், அதனை அறிமுகம் செய்யும் பாயிரம் இல்லையேல் அது நூலாகாது என்றும் சொல்கிறார்.

அப்பாயிரத்தை யார் பாடுவது? நூல் செய்தவன் அரிய பல துறைகளை முடித்தவனே ஆயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது. ஆகவே, அவனுடைய ஆசிரியனோ, அவனோடு உடன் கற்றவனோ, அவன் மாணாக்கனோ, நூலுக்குத் தக்க உரை கண்டவனோ சிறப்புப் பாயிரம் செய்தற்கு உரியர். தொல்காப்பியத்திற்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் தொல்காப்பியரோடு ஒருங்கு பயின்றவர் என்பது உரைமரபு.

இந்நால்வர்க்கும் பொதுவான தகுதி ஒன்று உண்டு. இவர்கள் நூலையும் நூலாசிரியனையும் நன்கறிந்தவர்கள். அறியாதவன் அறிமுகப்படுத்த இயலாது. அறிமுகம் என்னும் சொல்லே ‘அறிந்த முகம்’ என்னும் பொருளை உள்ளடக்கியது அன்றோ!

பழந்தமிழர் அரசவையில்

அரசர் முன் நின்று புகழ் கூறும் மரபு தமிழகத்தில் மிகத் தொன்மையானது. சூதர், மாகதர், வேதாளிகர் என்னும் மூவகையினரை மதுரைக் காஞ்சியும் சிலப்பதிகாரமும் குறிப்பிடுகின்றன. நின்று ஏத்துவோர் சூதர் என்றும், இருந்து ஏத்துவோர் மாகதர் என்றும் உரையாசிரியர் வேறுபாடு காட்டுவர். இவரோடு, பொழுதின் அளவை அறிந்து அரசனுக்கு அறிவிக்கும் நாழிகைக் கணக்கரும் இருந்தனர். சூதர் அரசனைத் துயிலுணர்த்தும் முறையைத் துயிலெடை நிலை என்று தொல்காப்பியம் கூறும். அரசனைத் துயிலெழுப்பிய அம்மரபே பின்னாளில் இறைவனுக்குரிய திருப்பள்ளியெழுச்சியாக மலர்ந்தது.

புகழ் கூறுதல் வெறும் முகமன் அன்று என்பதைச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை மிக நுட்பமாக உணர்த்துகிறது. ஒற்றைச் சிலம்பைக் கையில் ஏந்திக் கண்ணகி பாண்டியனின் அரண்மனை வாயிலில் நிற்கிறாள். தன் வரவை அரசனுக்கு அறிவிக்குமாறு வாயிற்காவலனிடம் கூறுகிறாள். அவன் உள்ளே சென்று, முறைப்படி முதலில் அரசனை வாழ்த்துகிறான். கொற்கையின் தலைவன் என்றும், பொதியமலைக்கு உரியவன் என்றும் வாழ்த்தி வருபவன், பழி தன்னைச் சேராதவாறு நடக்கும் பாண்டியன் என்றும் வாழ்த்துகிறான். அதன்பின், வாயிலில் நிற்பவள் கொற்றவையும் அல்லள், காளியும் அல்லள் என வியந்து கூறி, கையிலே சிலம்பு ஒன்றை ஏந்தியவள், கணவனை இழந்தவள் என்று கண்ணகி சொன்னதைச் சொன்னவாறே அறிவிக்கிறான்.

இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கவை இரண்டு உள. முதலாவது, அவ்வாயிலோன் வந்தவளின் கோலத்தைக் கண்டு அஞ்சினும் அவளை விரட்டவில்லை. அவள் கூறியதில் எதையும் குறைக்கவும் இல்லை. எளியவள் ஒருத்தியின் முறையீடு அரசனின் செவிக்குச் சென்றது அவன் வாய்மையால்தான். இரண்டாவது, பழி சேராதவன் என்று அவன் வாழ்த்திய அதே நொடியில், பழி வாயிலில் வந்து நின்றது. வாழ்த்துரையே அரசனை அளக்கும் கோலாயிற்று. அவ்வளவுக்குத் தான் குறைந்துபோனதை உணர்ந்த நெடுஞ்செழியன், அரியணையில் வீழ்ந்து உயிர் நீத்தான். கட்டியம் கேட்பவர், அக்கட்டியத்திற்குத் தக்கவராய் இருத்தல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

காப்பியத்தில் ஒரு கட்டியங்காரன்

கட்டியங்காரன் என்றவுடன் கற்றோர்க்குச் சீவக சிந்தாமணி நினைவிற்கு வரும். திருத்தக்க தேவர் இயற்றிய அக்காப்பியத்தில், ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன் தன் தேவி விசயையின்பால் கொண்ட பெருங்காதலால், ஆட்சிப் பொறுப்பைக் கட்டியங்காரன் என்னும் அமைச்சனிடம் ஒப்படைக்கிறான். அவனோ ஒப்படைத்த அரசைத் தனதாக்கிக்கொண்டு மன்னனைக் கொல்கிறான். கருவுற்றிருந்த விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பிச் சென்று, சுடுகாட்டில் சீவகனை ஈன்றாள். கந்துக்கடன் என்னும் வணிகனால் வளர்க்கப்பெற்ற சீவகன், பின்னர்க் கட்டியங்காரனை வென்று தன் தந்தையின் நாட்டை மீட்டான்.

இவ்வமைச்சனின் பெயர் கட்டியம் கூறும் தொழிலால் வந்தது என எண்ணுதல் பொருந்தாது. இதே கதையைக் கூறும் வாதீபசிம்மரின் வடமொழி நூல்களில் இவன் பெயர் காஷ்டாங்காரன் என்றுள்ளது. காஷ்டம் என்பது விறகு. அங்காரம் என்பது தணல். இஷ்டம் இட்டம் எனவும், கஷ்டம் கட்டம் எனவும் தமிழில் திரிவது போல, இப்பெயரும் திரிந்து தமிழ் வடிவம் பெற்றது எனக் கொள்ளுதலே தகும். ஆகவே ஒலியால் ஒன்றாயினும் இவை வெவ்வேறு சொற்கள்.

எனினும், இவ்வொலியொப்புமை ஒரு நல்ல படிப்பினையைத் தருகிறது. அறிவிக்கும் கட்டியங்காரன் தலைவனுக்கு முன்னே வருகிறான். தலைவன் வந்ததும் விலகி நிற்கிறான். காப்பியத்துக் கட்டியங்காரனோ தலைவனுக்காகக் காக்க வேண்டிய இடத்தில் தானே அமர்ந்துகொண்டான். முன்னே நிற்கும் பேறு பெற்றவன் தன்னையே தலைவன் என மயங்கினால் நேரும் கேட்டிற்கு அவன் வாழ்வே சான்று.

கூத்திலும் குறவஞ்சியிலும்

அரசவையிலிருந்து இச்சொல் ஆடரங்கிற்கு வந்தது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழாவின்போது நிகழும் தெருக்கூத்தில் கட்டியங்காரன் இன்றியமையாதவன். இருவர் திரையைப் பிடித்து நிற்க, அதன் பின்னிருந்து வேடதாரி பாடி ஆடி வெளிப்படுவார். அவரை யார், எந்நாட்டவர், எதற்காக வந்தார் எனக் கட்டியங்காரன் வினவுவான். அவ்வினா விடைகளின் வாயிலாக, மண்ணில் அமர்ந்திருக்கும் மக்கள் வந்தவர் துரியோதனனா, கன்னனா என அறிந்துகொள்வர். கதை செல்லச் செல்ல அவனே தூதனாவான், காவலனாவான், நகைச்சுவையும் செய்வான். கடினமான பாட்டின் பொருளை எளிய பேச்சில் எடுத்துரைப்பவனும் அவனே. வடமொழி நாடகத்தில் சூத்திரதாரன் செய்யும் தொடக்கப் பணியோடு இதனை ஒப்பிட்டுக் காணலாம்.

18ஆம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியிலும், இறைவன் பவனி வருவதை அறிவிக்கக் கட்டியக்காரன் முதலில் தோன்றுகிறான். அவன் அறிவித்த பின்னரே குற்றாலநாதரின் உலாவும், வசந்தவல்லியின் காதலும், குறத்தியின் குறிமொழியும் தொடர்கின்றன. கதை முழுவதும் இறைவனைச் சுற்றியே நடக்க, கட்டியக்காரன் தன் பணி முடிந்ததும் மறைந்துவிடுகிறான்.

திருக்கோயிற் கட்டியம்

கோயிலே இறைவனின் அரண்மனை, இறைவனே அரசன். கோ என்பது தலைவன். இல் என்பது இருப்பிடம். ஆகவே அரசனுக்குச் செய்த உபசாரங்கள் யாவும் இறைவனுக்கும் உரியவாயின. குடை, கொடி, சாமரம், ஆலவட்டம் இவற்றோடு கட்டியமும் திருக்கோயிலில் இடம்பெற்றது. இறைவன் எழுந்தருளும்போது வழியில் நிற்போர் கருத்தோடு இருத்தற்பொருட்டு ‘எச்சரிக்கை’ என்றும் ‘பராக்கு’ என்றும் குரல் எழுப்புதல் மரபு. பின்னாளில் எச்சரிக்கை, பராக்கு என்னும் பெயர்களில் தனிப்பாடல் வகைகளே தோன்றின. திருவரங்கம் முதலிய வைணவத் திருத்தலங்களில், சேவைக்கு உரியவர்களைப் பெருமாளே அழைப்பதாக அருளப்பாடு சொல்லி அழைப்பர்; அழைக்கப்பெற்றவர் ‘நாயிந்தே’ என மறுமொழி கூறி முன்வருவர்.

கட்டியம் வரலாற்றையும் காத்து வைத்துள்ளது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இலங்கையின் யாழ்ப்பாணத்தில் உள்ள நல்லூர்க் கந்தசுவாமி கோயில். அங்குக் கூறப்பெறும் கட்டியத்தில், ஸ்ரீசங்கபோதி புவனேகபாகு என்னும் மன்னனின் பெயர் கோயிலோடு தொடர்புபடுத்திப் போற்றப்படுகிறது. பழைய நல்லூர்க் கோயிலைப் போர்த்துக்கேயர் 1621ஆம் ஆண்டில் இடித்தனர். ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில்தான் கோயில் மீண்டும் எழுந்தது. அதனை மீண்டும் எழுப்பிய இரகுநாத மாப்பாண முதலியாரின் பெயரும் கட்டியத்தில் சேர்ந்தது. கல் இடிந்தது, சுவர் இடிந்தது, ஆயினும் ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்குச் சென்ற சொல் இடியவில்லை. கோயில் திருப்பணிக்கு உதவியவர் பெயரை மறவாமல் சொல்லும் நன்றியுணர்வும் கட்டியத்தின் ஒரு கூறு என்பது இதனால் விளங்கும்.

அடியவரை ஆண்டவனுக்கு அறிவித்தல்

இதுகாறும் கண்டவற்றுள் பெரும்பாலானவை தலைவனை மக்களுக்கு அறிவிக்கும் கட்டியம். இதன் மறுதலையாக, எளியவனைத் தலைவனுக்கு அறிவிக்கும் மரபும் தமிழில் உண்டு. அதுவே ஆற்றுப்படை. பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையோடு வழியில் எதிர்ப்படுவோனுக்கு வள்ளல் இருக்கும் இடத்தையும் செல்லும் வழியையும் கூறி அனுப்புதல் ஆற்றுப்படையாம். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகையின. அவற்றுள் முதலாவதாகிய திருமுருகாற்றுப்படை, பொருட்செல்வம் நாடி வருவோனை அன்றி, அருட்செல்வம் நாடி வருவோனை முருகனிடம் ஆற்றுப்படுத்துகிறது.

அந்நூலின் இறுதிப் பகுதியில் நக்கீரர் ஓர் இனிய காட்சியைக் காட்டுகிறார். அன்பன் முருகனைக் கண்டு தொழுது நிற்கும்போது, முருகனைச் சூழ்ந்துள்ள ஏவலாளர் பெருமானிடம் அவனுக்காகப் பரிந்து பேசுவர் என்கிறார். இவன் இரங்கத்தக்கவன், நின் புகழை விரும்பி வந்துள்ளான் என்பதே அவர்கள் கூறுவதன் கருத்து. வந்தவனுடைய குலத்தையோ செல்வத்தையோ அவர்கள் எடுத்துக் கூறவில்லை. இரக்கத்திற்கு உரியவன் என்பதும், விரும்பி வந்தான் என்பதுமே அவனுக்குரிய தகுதிகளாயின.

இதனினும் உருக்கமான நிகழ்ச்சி பெரியபுராணத்தின் இறுதியில் உள்ளது. சுந்தரமூர்த்தி நாயனார் திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளையானைமீது கயிலைக்கு எழுந்தருளினார். அவர்தம் தோழர் சேரமான் பெருமாள் நாயனார் பிரிவாற்றாது, தம் குதிரையின் செவியில் திருவைந்தெழுத்தை ஓதி, அதன்மேல் ஏறி உடன் சென்றார். கயிலையின் திருவாயிலில் சேரமான் தடுக்கப்பட்டார். சுந்தரர் மட்டும் உள்ளே சென்றார்.

இறைவனின் திருமுன்பு நிற்கும்போது உலகில் வேறு எதுவும் நினைவிற்கு வாராது என்பர். ஆனால் சுந்தரருக்கு வாயிலில் நிற்கும் தோழரின் நினைவு வந்தது. சேரமான் திருவாயிலின் புறத்தே நிற்கிறார் என்று பெருமானிடம் விண்ணப்பித்தார். பெருமான் நந்திதேவரை அனுப்பிச் சேரமானை உள்ளே வரவழைத்தார். யாம் அழையாதிருக்க நீ வந்தது என்ன என்று புன்முறுவலோடு வினவினார். நின் கருணை வெள்ளமே என்னை ஈர்த்துக் கொண்டு வந்து திருமுன்பு சேர்த்தது என்னும் கருத்துப்படச் சேரமான் விடை கூறி, தாம் பாடிய திருவுலாவைக் கேட்டருள வேண்டினார். திருக்கயிலாய ஞானவுலா என்னும் அந்நூல் கயிலையில் இறைவன் திருமுன்பே அரங்கேறியது. தாம் நுழைந்த வாயிலைப் பிறர்க்கும் திறந்துவிடச் சுந்தரர் உரைத்தது ஒரு சிறு விண்ணப்பமே.

ஆண்டவனே அறிமுகம் செய்தல்

அதே சேரமானுக்கு, முன்னொரு நாளில் இறைவனே ஒருவரை அறிமுகம் செய்து வைத்தான். மதுரையில் ஆலவாய் இறைவன் திருமுன்பு யாழிசைத்து வந்த பாணபத்திரரின் வறுமையைக் கண்டு, பெருமான் சேரமானுக்கு ஒரு திருமுகம் எழுதித் தந்தான். திருமுகம் என்பது கடிதம். பதினோராம் திருமுறையின் முதற்பகுதியாக விளங்கும் திருமுகப் பாசுரம் அதுவே. எழுதுபவன் இன்ன ஊரில் இருப்பவன் என்று தொடங்கி, பெறுபவரின் கொடைத்திறத்தைச் சிறப்பித்து, இவன் உன்னைப் போலவே எம்பால் அன்புடையவன். உன்னைக் காண வருகிறான். பொருள் கொடுத்து அனுப்புக என்னும் கருத்தோடு முடிகிறது அது.

உன்னைப் போலவே என்ற அச்சொல்லால், முடிவேந்தரும் வறிய பாணரும் ஒரு தட்டில் வைக்கப்பட்டனர். சேரமான் அத்திருமுகத்தைத் தலைமேல் தாங்கி, தம் செல்வம் முழுவதையும் பாணர்முன் வைத்தார். பாணரோ வேண்டிய அளவே கொண்டு மீண்டார். அறிமுகம் செய்தவன் பெருமைக்கு ஏற்ப, அறிமுகம் பெற்ற இருவரும் நடந்துகொண்டனர்.

அன்பர் உணரவேண்டியது

திருக்கோயிலில் அருச்சனை செய்யும்போது நிகழ்வதை நோக்கினால் இவ்விரு மரபும் ஒருங்கே விளங்கும். அருச்சகர் முதலில் அன்பரின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டு இறைவன் திருமுன்பு சொல்கிறார். அது அடியவரை ஆண்டவனுக்கு அறிவிப்பது. பின்னர் இறைவனுடைய திருப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் போற்றுகிறார். அது ஆண்டவனை அடியவருக்கு அறிவிப்பது. எல்லாம் அறிந்த இறைவனுக்கு அன்பரின் பெயர் தெரியாதா என்னும் வினாவிற்கு இடமில்லை. அவன் அறிவான், ஆனால் தனக்காக மற்றொருவர் வேண்டுவதைக் கேட்கும்போது அன்பரின் உள்ளம் கனிகிறது.

இப்பணி அருச்சகர்க்கும் கட்டியங்காரர்க்கும் மட்டுமே உரியது அன்று. பேரனின் கையைப் பிடித்து, இவர் பிள்ளையார், இவர் தட்சிணாமூர்த்தி என்று சொல்லித் தரும் பாட்டி கட்டியம் கூறுகிறார். கூட்டத்தின் பின்னே எட்டிப் பார்க்கும் முதியவருக்கு வழிவிட்டு முன்னே அழைத்துச் செல்லும் இளைஞர் ஆற்றுப்படுத்துகிறார். சந்நிதியின் முன் நீண்ட நேரம் நின்று பிறர் காணவொட்டாமல் மறைப்பவரோ, பிறர்க்கு உரிய இடத்தில் தாமே அமர்ந்த காப்பியத்துக் கட்டியங்காரனைச் சிறிதேனும் ஒத்தவராவார்.

அறிந்ததை உள்ளவாறு சொல்லுதல், எளியவர்க்காகப் பேசுதல், பணி முடிந்ததும் விலகி நிற்றல் என்னும் மூன்றும் கட்டியங்காரனின் இலக்கணமாகும். இவற்றைக் கைக்கொண்டு, தாம் பெற்ற தரிசனத்தைப் பிறரும் பெறச் செய்வோர் இறைவன் திருவருளுக்கு உரியவராவர்.